கோம்பை அக்காவும் ஒரு கைக்கண்ணாடியும்!

தை மாதம் பிறந்துவிட்டால் நம்மூர் ரோடுகளே மாறிப் போகும், கவனித்திருக்கிறீர்களா? அதிகாலை நாலு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் பச்சை வேட்டியும் காவித் துண்டுமாய் ஒரு கூட்டம் போய்க் கொண்டிருக்கும். தோளில் காவடி, கையில் டார்ச் லைட், வாயில் ‘அரோகரா!’. பழனிக்குப் போகிற கூட்டம். பார்த்தவுடன் நமக்கும் ஆசை வரும். ‘ஒரு வருஷமாவது நடந்து போய்விட வேண்டும்’ என்று.

உங்கள் வீட்டிலும் யாராவது மாலை போட்டிருக்கலாம். அப்பா, மாமா, அண்ணி, அல்லது நீங்களே. அவர்களில் யாருக்காவது ஷுகர் இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அப்புறம் அவர்களை வழியனுப்புங்கள். இது யாத்திரைக் கதைதான். ஆனால் ஒரு காலைக் காப்பாற்றிய கதையும் கூட.

கோம்பை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நாய்தானே! செம்பழுப்பு உடம்பும் கறுத்த மூஞ்சியுமாய், காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போன கோம்பை நாய். அந்த நாய்க்குப் பெயர் கொடுத்த ஊர் தேனி மாவட்டத்தில், உத்தமபாளையம் தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. அங்கே எங்கள் நாத்தனார் வீடு. அவர்கள் தெருவிலிருந்து ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஒரு கூட்டம் பழனிக்குக் கிளம்பும். இரண்டு வருஷத்துக்கு முன்பு நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன். உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம், பழனி. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நடை. ஏழு நாள் கணக்கு.

பழனிக்கு நடப்பது நேற்று இன்று வந்த வழக்கமா என்ன? செட்டிநாட்டு நகரத்தார் நானூறு வருஷத்துக்கும் மேலாகக் காவடி எடுத்து நடந்து வருகிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து வருபவர்கள் ஒரு பக்கம். தைப்பூசத்துக்குத் தெற்கேயும் கிழக்கேயும் இருந்து வருகிற லட்சோப லட்சம் பேர் இன்னொரு பக்கம். அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு துளி நாங்கள். நாற்பது பேர்.

செருப்பா? சாமிக்கா?

கிளம்பிய அன்றைக்கே ஒரு அம்மாவைக் கவனித்தேன். வயசு அறுபத்தொன்று. மெலிந்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி, பச்சைப் புடவை. எல்லாம் சரி. காலில் மட்டும் வெள்ளை சாக்ஸ், அதற்கு மேல் அகலமான கான்வாஸ் ஷூ!

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் வெறுங்கால். விட்டு வைப்பார்களா? “மாலையைப் போட்டுக்கிட்டு சோடு மாட்டிக்கிட்டு வருதே, இது என்ன வேண்டுதலோ!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்ததோடு சரி. பதில் பேசவில்லை.

எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றியது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் வெறுங்காலோடுதான் நடந்தேன். ‘கஷ்டப்பட்டால்தான் பலன்’ என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனாலும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

முதல் நாள் சின்னமனூர். வழியெல்லாம் வாழைத் தோட்டம், ஜிலுஜிலுவென்று மலைக்காற்று, அலுப்பே தெரியவில்லை. இரண்டாம் நாள் வீரபாண்டி கௌமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது இடது குதிகாலில் ஏதோ சுருக்கென்றது. தேனி வந்து சேர்வதற்குள் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். மண்டபத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஹேர்பின்னை எடுத்துக் குத்தப் போனேன்.

“ஏத்தா, ஏத்தா... வையி அதை! காலைக் காட்டு தாயி.”

அதே ஷூ போட்ட அம்மா. என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பதறிப் போயிற்று. மூத்தவர், மாலை போட்டிருக்கிறவர், என் காலைத் தொடுவதா! இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை.

“உடையாத கொப்புளத்தைக் குத்தக் கூடாது. மேல இருக்க தோலுதான் அதுக்கு மூடி. குத்துனா அழுக்கு உள்ள போயிரும்” என்றபடி சோப்புப் போட்டுக் கழுவி, ஒத்தி எடுத்து, சுத்தமான துணியை மெத்தென்று மடித்து வைத்துக் கட்டினார். பிறகு தன் மஞ்சள் பையிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்தார். தரையில் வைத்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, தன் பாதத்தை அந்தக் கண்ணாடிக்கு மேல் தூக்கிப் பிடித்து, டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தார். குதிகால், உள்ளங்கால், விரல் இடுக்கு... ஒவ்வொன்றாக.

“என்னக்கா பாக்குறீங்க?”

“சாமி பாதத்தைப் பாக்க இம்புட்டுத் தூரம் நடக்குறோம். நம்ம பாதத்தை நம்ம பாக்க மாட்டேங்குறோமே தாயி!”

அன்றைக்கு ராத்திரிதான் அவர் கதையைக் கேட்டேன். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே நமக்கு அவர் ‘கோம்பை அக்கா’தான்.

வலிக்காத புண்

அக்காவின் வீட்டுக்காரர் பல வருஷம் பழனிக்கு நடந்தவர். ஷுகர் இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டார். ஆனால் காலைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. ‘உள்ளங்கால்ல பஞ்சு வச்ச மாதிரி இருக்கு’ என்று மட்டும் அடிக்கடி சொல்வாராம். ஒரு வருஷம் யாத்திரையில் கருவேல முள் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. அதோடு நாலு நாள் நடந்திருக்கிறார். மலையேறி, சாமி பார்த்து, பஞ்சாமிர்தத்தோடு வீட்டுக்கு வந்து... பத்தாம் நாள் வீட்டில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலுக்கு அடியில் தேடியிருக்கிறார் அக்கா. வாடை வந்தது அவர் காலிலிருந்து.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் இரண்டு வருஷம்தான் இருந்தார்.

“ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவரு காலைத் திருப்பிப் பாத்துருந்தா முள்ளு கண்ணுல பட்டிருக்கும். நானும் கூடத்தான் நடந்தேன். பக்கத்துலயேதான் படுத்தேன். பாக்கலியே தாயி!”

அவர் போன மறு வருஷம் அக்காவுக்கும் ஷுகர் என்று தெரிந்தது. ‘இனிமேல் நடை வேண்டாம்’ என்றார்கள் பிள்ளைகள். அக்கா நேராக டாக்டரிடம் போய், “நான் நடக்கணும். எப்படி நடக்கலாம்னு சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார். ‘நடக்கலாமா’ என்று கேட்கவில்லை, ‘எப்படி’ என்று கேட்டார். இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து எட்டு வருஷம் ஷூவோடு நடந்தாயிற்று. இது ஒன்பதாவது.

ஏன் தெரிவதில்லை?

ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கெடும். நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால் ஆரம்பம் பெரும்பாலும் பாதத்தில்தான். முதலில் எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி. பிறகு மரத்துப் போகும். முள், கண்ணாடித் துண்டு, சுடுகிற தார்... எதுவும் உறைக்காது. பலருக்குக் காலுக்கு வரும் ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். ஆகவே புண் ஆறுவதும் தாமதம். கிருமி புகுந்தால் எலும்பு வரை போய்விடும்.

வலி என்பது சனியன் என்றுதானே நினைக்கிறோம்? அது காவல்காரன் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்ன டாக்டர் ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர். 1914-ல் கொல்லிமலையில் ஒரு மிஷனரி தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன? நோய் நேரடியாகச் சதையைத் தின்பதாகத்தான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அவர் கவனித்துப் பார்த்துச் சொன்னது வேறு. வலி தெரியாததால் அவர்கள் காயம்பட்ட கையையும் காலையும் ஓய்வில்லாமல் உபயோகிக்கிறார்கள், அதனால்தான் இத்தனை சேதம் என்றார். மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பரில் செருப்புச் செய்து போட வைத்தார்கள். பாதங்கள் தப்பின. 1966-ல் அவர் அமெரிக்கா போன பிறகு அதே பாடம் ஷுகர்காரர்களின் பாதங்களுக்கும் உதவியது. இன்றைக்கும் டயபடீஸ் கிளினிக்குகளில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று எழுதித் தருகிறார்களே, அதற்குப் பின்னால் இந்த வேலூர்க் கதை இருக்கிறது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வுப்படி நம் நாட்டில் ஷுகர் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. அப்படியென்றால் தைப்பூசத்துக்கு நடக்கிற கூட்டத்தில் எத்தனை மரத்த பாதங்கள் இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

அக்கா நடந்த விதம்

மூன்றாம் நாளிலிருந்து நான் அக்காவோடு ஒட்டிக்கொண்டேன். தேனி பஜாரில் எனக்கும் ஒரு ஜோடி மெத்தைச் செருப்பு வாங்கியாயிற்று.

அக்கா வேகமாக நடப்பதே இல்லை. “பைய நட தாயி. மூச்சு வாங்காம பேசிக்கிட்டே நடக்க முடியுதா? அதான் நம்ம வேகம்.” இளவட்டங்கள் முதல் ஒரு மணி நேரம் ஓட்டமாய் ஓடி, அப்புறம் புளியமரத்தடியில் சுருண்டு கிடந்தார்கள். அக்கா ஒரு மணிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார், ஷூவை உதறினார், உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். சின்னக் கல் இருந்தாலும் கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது அல்லவா! ராத்திரி தங்குகிற இடத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடுவார்.

வெயில் ஏறினால் நடை நின்றுவிடும். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் ஒரு நடை. சாயங்காலம் நாலரைக்கு மேல் இன்னொரு நடை. ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடப்பார். பையின் முதுகில் லைட் பட்டால் மின்னுகிற ஸ்டிக்கர்.

வழிநெடுக அன்னதானம். எலுமிச்சை சாதம், பொங்கல், கேசரி, சர்க்கரை தூக்கலாய் டீ, பானகம்! “வேண்டாம்னு சொல்லக் கூடாது, சாமி பிரசாதம். ஒரு வாய் எடுத்துக்குவேன். மீதி நேரத்துக்கு மோரு, சுண்டலு, பொரிகடலை” என்பார். ஆனால் சாப்பாட்டு நேரத்தை மட்டும் தவறவிட மாட்டார்.

அதற்குக் காரணம் பெரியகுளம் தாண்டியதும் தெரிந்தது. பேசிக்கொண்டே வந்தவர் டக்கென்று நின்றார். முகமெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. அத்தனை குளிரில்! “தாழ்ந்துருச்சு” என்று சொல்லிக்கொண்டே ரோட்டோரம் உட்கார்ந்து பையிலிருந்து குளுக்கோஸை எடுத்து மூன்று டீஸ்பூன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பதினைந்து நிமிஷம் காத்திருந்தார். தெளிந்ததும் இரண்டு பிஸ்கட். அதற்குப் பிறகுதான் எழுந்தார். அதிகம் நடக்கும்போது சர்க்கரை தாழும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் அக்கா கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு யாத்திரை நாட்களுக்கு மருந்தின் அளவை மாற்றி எழுதி வாங்கிவிடுவாராம். அன்றைக்குத் தப்பு எங்கே என்று கேட்டேன். “உன்கிட்ட பேசிக்கிட்டே காலம்பற இட்லியை ஒண்ணு கொறைச்சுட்டேன்” என்று சிரித்தார்.

தேவதானப்பட்டியில் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயில். விக்கிரகம் கிடையாது, மூடிய கதவுக்குத்தான் பூஜை. கதவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அக்கா சொன்னார்: “இனிமே ராத்திரி என் காலை நீ பாரு, உன் காலை நான் பாக்குறேன். எனக்குக் கண்ணும் முன்ன மாதிரி இல்ல. கண்ணாடியைவிடக் கூட வர்றவ கண்ணு நல்லது.”

அன்றிலிருந்து தினமும் அதுதான் எங்கள் அர்த்தஜாம பூஜை!

ஒற்றைக் கால் தடம்

ஆறாம் நாள். செம்பட்டியிலிருந்து ஒட்டன்சத்திரம். கூட்டம் அன்றைக்கு மத்தியானமும் நிற்காமல் நடந்தது. தார் ரோடு கொதித்தது. அக்காவும் நானும் நிழலில் தங்கிவிட்டு இருட்டின பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். மண்டபத்தில் பஜனை நடந்துகொண்டிருந்தது. எல்லார் கண்ணும் காவடியின் மேல். அக்காவின் கண் மட்டும் தரையில்.

சிமென்ட் தரையில் ஈரத் தடம். ஒரு காலின் தடம் மட்டும். லேசான சிவப்பு.

தடத்தைப் பிடித்துக்கொண்டே போனார். மூலையில் ஒருவர் உட்கார்ந்து கையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஊரில் சின்னதாகக் கடை வைத்திருப்பவர். முதல் நாள் ஷூவைப் பார்த்துக் கிண்டல் செய்தாரே, அவரேதான்!

“தம்பி, காலைக் காட்டுய்யா.”

“ஒண்ணுமில்லக்கா.”

“காட்டுன்னா காட்டு.”

திருப்பினால்... பெருவிரலுக்குக் கீழே தோல் கறுத்துப் பிரிந்து நிற்கிறது. சுண்டு விரல் பக்கம் ஏதோ மினுக்கென்றது. கண்ணாடித் துண்டு! எப்போது ஏறியதோ தெரியாது. பாதம் மேல்புறம் வரை சிவந்து வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடு.

“உனக்கு ஷுகர் இருக்கா?”

தலையைக் குனிந்துகொண்டார். இருக்கிறது. வீட்டில் தவிர யாருக்கும் தெரியாது.

“வலிக்கவே இல்லக்கா, சத்தியமா. நாளைக்கு ஒரு நாள்தானே? முப்பது கிலோமீட்டர். முருகன் பாத்துக்குவான்.”

“வலிக்கலன்னு சொல்றியே தம்பி, அதுதான்யா பயமா இருக்கு” என்றார் அக்கா. குரல் உடைந்துவிட்டது. “எங்க வீட்டுக்காரரும் இதே வார்த்தையைத்தான் சொன்னாரு.”

அவர் அழுதார், மன்றாடினார். மகளுக்குக் கல்யாணம் கூடி வர வேண்டும் என்று வேண்டுதலாம். வெறுங்காலோடு மலையேறுவதாக நேர்ந்துகொண்டாராம். பாதியில் நிறுத்தினால் குற்றமாகிவிடுமே என்று நடுங்கினார். கூட்டத்திலும் இரண்டு பேச்சு. ‘இவ்வளவு தூரம் வந்தாச்சே’ என்றார்கள் சிலர்.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “நேந்துக்கிட்டது யாரு? நீ. மக கல்யாணத்துக்கு மணவறையில நிக்கப் போறது யாரு? அதுவும் நீதானே. ஒத்தைக் கால்ல நிக்கப் போறியா? காவடியை நீ சொமக்குற மாதிரி, முருகன் கொடுத்த காலை நீ சொமக்கணும்யா. அதுவும் அவன் பொருளுதான்.”

நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் அவர், “யாருக்கா கூட வருவா?” என்று கேட்டார். வீட்டு ஆள் யாரும் கூட்டத்தில் இல்லை.

“நான் வர்றேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருஷம் ஒரு வருஷம் கூட விடாமல் நடந்து முடித்தவர். வீட்டுக்காரர் நினைவாக நடப்பவர். இன்னும் ஒரே ஒரு நாள்! “அக்கா, நான் போறேன், நீங்க நடங்க” என்றேன். தலையை ஆட்டினார். “இந்தப் புண்ணை ஆஸ்பத்திரியில எப்படிச் சொல்லணும், எதைக் கேக்கணும்னு எனக்குத் தெரியும் தாயி. ஒருக்கா கத்துக்கிட்டது இல்லியா!”

மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையை என் கையில் வைத்தார். “உண்டியல்ல போட்டுரு. என் பங்குக்கும் நீயே நடந்துரு. கல்லு சுடுறதுக்கு முந்தி மலையேறு.” கைக்கண்ணாடியையும் கொடுத்தார். சாமான் வண்டியில் அந்தத் தம்பியை ஏற்றிக் காலை நீட்டி உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் பழனி போய்ச் சேர்ந்தேன். இரவு தங்கி, விடியும் முன்னால் 693 படியும் ஏறினேன். சந்நிதியில் நின்றபோது என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. கண்ணில் நின்றது அந்த ஒற்றைக் கால் தடம்தான்.

அவருக்கு உடனே கண்ணாடித் துண்டை எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்து, டெட்டனஸ் ஊசி போட்டு, பெட்டில் சேர்த்தார்கள். சுண்டு விரலை எடுக்க வேண்டியிருந்தது. கால் தப்பியது. ‘இன்னும் ரெண்டு நாள் நடந்திருந்தால் நான் உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது’ என்றாராம் டாக்டர். போன வருஷம் மகள் கல்யாணத்துக்கு இரண்டு காலிலும் நின்று வந்தவர்களைக் கும்பிட்டு வரவேற்றார். நானே போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை டாக்டர் சம்மதித்தால் ஷூ போட்டுக்கொண்டு கொஞ்ச தூரமாவது நடக்கப் போகிறாராம்.

அக்காவிடம் போனில் கேட்டேன். “ஒம்பதாவது வருஷம் பாதியில நின்னுபோச்சேன்னு வருத்தம் இல்லியாக்கா?”

“எங்கத்தா நின்னுச்சு? அன்னைக்குத்தான் முழுசா நடந்தேன்!”

யாத்திரை கிளம்பும் முன்...

* ஷுகர் இருந்தால் ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கால் நாடித் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். யாத்திரை நாட்களுக்கான மருந்து அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

* ஆறாத புண் இருப்பவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஷுகர் கட்டுக்குள் இல்லாதவர்கள் டாக்டர் சரி என்று சொல்லாமல் நடக்க வேண்டாம். பஸ்ஸில் போனாலும் முருகன் அதே முருகன்தான்.

* ஐந்தாறு வாரம் முன்பே நடந்து பழகுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

* புது ஷூவோடு கிளம்பாதீர்கள். சாயங்காலத்தில் கால் சற்று உப்பியிருக்கும், அப்போது போய் வாங்குங்கள். விரல்கள் நெருக்காமல் அகலமாக இருக்கட்டும். முன்பே போட்டு நடந்து பழக்குங்கள்.

* வெள்ளை சாக்ஸ்தான் நல்லது. ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். தினமும் மாற்றுங்கள்.

* தினமும் ராத்திரி பாதத்தைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் ஒற்றுங்கள். எண்ணெயோ கிரீமோ பாதத்துக்குத் தடவலாம், விரல் இடுக்கில் வேண்டாம்.

* மரத்த காலை வெந்நீரில் வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் வெந்து போகும்.

* மரத்த பாதத்தில் கொப்புளம், சிவப்பு, வீக்கம், கறுப்பு, நீர்க் கசிவு, வாடை, காய்ச்சல்... இதில் எது இருந்தாலும் நடையை அங்கேயே நிறுத்துங்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

* குளுக்கோஸ் பையிலேயே இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் மூன்று டீஸ்பூன். பதினைந்து நிமிஷத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் மூன்று. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

* உங்களுக்கு ஷுகர் இருப்பதைக் கூட வருகிற ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். மறைக்க இது என்ன திருட்டா?

வெறுங்காலோடு நடப்பதாக வேண்டிக்கொண்டிருந்தால்? கோயிலுக்குள் மட்டும் வெறுங்கால் என்று மாற்றிக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்த பாதம் என்றால் அதிகாலையில் கல் குளிர்ந்திருக்கும்போது சாக்ஸோடு ஏறுங்கள். அதுவும் முடியாதவர்களுக்கு வின்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பையில் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் நடக்கிறவரிடம், ‘உங்க காலைக் காட்டுங்க, நான் பாக்குறேன்’ என்று கேளுங்கள். நம் உள்ளங்கால் நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தானே வழித்துணை!

யாத்திரை போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் ஷுகர் இருக்கும் பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “காலைக் காட்டுங்கப்பா” என்று கேளுங்கள். முதலில் கூச்சப்படுவார். விடாதீர்கள்!